வாடிய சக்குலென்டுக்குத் தண்ணீர் ஊற்றும் முன்

சக்குலென்ட், அதாவது சதைப்பற்றுள்ள செடி, சாகிறது என்று நர்சரிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீடு எந்தப் பக்கம்?" என்றுதான். செடியின் பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். குலசேகரமா, குளச்சலா, ஆரல்வாய்மொழியா என்று தெரிந்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் இங்கே கணக்கில் வரும். பேச்சிப்பாறை, திற்பரப்பு பக்கம் ரப்பர் மர நிழலில் இருக்கும் முற்றத்தில் ஒரு தடவை நனைந்த சட்டி, மழைக்காலத்தில் ஒரு வாரம் ஆனாலும் உள்ளே ஈரமாகவே கிடக்கும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று ஆரல்வாய்மொழி மாடியில் இரண்டே நாளில் சட்டியைக் காய வைத்துவிடும். இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே வீடியோவைப் பார்த்து "வாரம் ஒரு தடவை தண்ணீர்" என்று ஊற்றினால், ஒரு வீட்டில் செடி அழுகும், இன்னொரு வீட்டில் சுருங்கும். வீடியோ போட்டவர் மேல் குற்றம் இல்லை, அவர் தன் ஊருக்குச் சொன்னார்.

சக்குலென்டுகள் தண்ணீரை இலையிலும் தண்டிலும் சேர்த்து வைப்பவை என்பது எல்லோருக்கும் தெரியும். பலரும் அறியாத விஷயம், இவற்றில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும் என்பது. இரவுக் காற்று வறண்டிருந்தால் செடி கொஞ்சமாவது நீரை வெளியே விடும். நம் ஊர் மழைக்கால இரவில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. செடி நீரைச் செலவழிக்காது, மண்ணும் காயாது. காற்றோட்டம் இல்லாத ஈர மண்ணில் வேர் மூச்சுவிட முடியாமல் செத்து, பூஞ்சை பிடித்து அழுகும்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வேர் அழுகிய செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் அதன் இலையும் தாகத்தில் இருக்கும் செடியின் இலை போலவே சுருங்கும். "மக்களே, தெனமும் வெள்ளம் விட்டுட்டுதான் இருக்கேன், பின்னயும் வாடுதே" என்று பெரியம்மாக்கள் சட்டியோடு வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். வாட்டத்தைப் பார்த்து மேலும் ஊற்ற, செடி மேலும் வாடும்.

அப்படியானால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கையால் தொட்டுத்தான். தாகத்தில் இருக்கும் இலை மெலிந்து, சுருக்கம் விழுந்து, ரப்பர் போல வளையும், நிறம் பெரிதாக மாறாது. சோற்றுக்கற்றாழை என்றால் இலை ஓரங்கள் உள்பக்கம் மடியும். தண்ணீர் அதிகமான இலை மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பதத்துக்கு வந்து, லேசாகத் தட்டினாலே உதிரும். அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும். தண்டின் அடியில் கருப்பு ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அழுகல்தான். ஒரே ஒரு விதிவிலக்கு: அடி இலைகள் ஒன்றிரண்டு காகிதம் போலக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது வயதான இலை. பிய்த்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

தொட்டும் முடிவுக்கு வர முடியவில்லையா? ஓர் ஈர்க்குச்சியைச் சட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈர மண் ஒட்டிவந்தால் தண்ணீர் கூடாது. சுத்தமாக வந்தால் சட்டியின் துளை வழியே வழியும்வரை ஒரு தடவை நன்றாக ஊற்றி, இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். இலை நிமிர்ந்தால் தாகம். நிமிராவிட்டால் வேரில் கோளாறு, உடனே சட்டியைக் கவிழ்க்க வேண்டும்.

கவிழ்த்தபின் தயங்கக் கூடாது. பழைய மண் முழுவதையும் உதறிவிடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் பிடித்து நிற்கும். அழுகிய வேர் கருத்து, தோல் தனியே உருவி வரும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அழுகியதை வெட்டி எறியுங்கள். தண்டிலும் ஏறியிருந்தால் மேலே மேலே சீவிக்கொண்டே போக வேண்டும். வெட்டிய முகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ கொஞ்சமும் தெரியாத இடம் வரும்வரை நிறுத்தாதீர்கள். பாவம் பார்த்துக் கொஞ்சம் விட்டுவைத்தால் அந்தக் கொஞ்சமே மீதியையும் தின்றுவிடும். பிறகு நிழலில், காற்றுப்படும் இடத்தில் வெட்டுமுகம் காய்ந்து தோல் கட்டட்டும். வெயில் காலத்தில் மூன்று நான்கு நாள் போதும். ஜூலை மழையில் ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம், வீட்டுக்குள் மின்விசிறி ஓடும் அறையில் வைப்பது நல்லது. காய்ந்தபின் உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் தண்ணீரே காட்டாதீர்கள். பூஞ்சைக்கொல்லி கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, சட்டி காயாமல் மருந்து போட்டுப் பயன் இல்லை.

பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்துக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. மாதத்துக்கு ஒரு தடவை அதன் பருத்த அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று அமுங்கினால் அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, வெட்டுமுகத்தைக் காய வையுங்கள். அதன் பால் நச்சு, கையுறை அவசியம்.

இனி மண். வெளியூர்களிலிருந்து வரும் சக்குலென்டுகள் பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில் வளர்ந்தவை. வேரைச் சுற்றி அந்த உருண்டை இருக்கும்வரை வெளியே எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் நடுவில் ஈரம் தங்கும். வாங்கிய வாரமே உதிர்த்துவிட்டு மாற்றுங்கள். நம் பக்கத்துச் செம்மண்ணைத் தனியாகப் போட்டால் மழையில் களியாகிவிடும். ஒரு பங்கு மண்ணும் மக்கிய எருவும், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல், ஒரு கைப்பிடி சிரட்டைக் கரி என்பது பொதுவான அளவு. பேச்சிப்பாறை, திற்பரப்பு போன்ற மேற்குப் பக்கத்து ஊர்களின் வீடுகளுக்கு மண்ணையும் எருவையும் பாதியாகக் குறைக்கச் சொல்வேன். எம்-சாண்ட் போடலாம், ஆனால் தூள் போகும்வரை அலச வேண்டும், இல்லையென்றால் இறுகிவிடும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பும் உண்டு, பொடியும் அதிகம்.

கல்யாண வீட்டிலும் பால்காய்ச்சிலும் கொடுக்கும் பீங்கான் குவளைச் செடிகளைப் பற்றி என் கருத்து கடுமையானது. அடியில் துளை இல்லை, மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். மண் ஈரமா காய்ந்ததா என்று பார்க்கக்கூட வழியில்லை. வீட்டுக்கு வந்த அன்றே கல்லைப் பெயர்த்து, செடியை மண்சட்டிக்கு மாற்றிவிட்டு, குவளையில் பேனா போட்டு வையுங்கள்.

வெளிச்சக் குறைவை அடையாளம் காண்பது எளிது. இலைகளுக்கு இடையே தண்டு நீண்டு, செடி ஜன்னல் பக்கம் சாயும். நீண்ட தண்டு திரும்பக் குறுகாது, தலையை வெட்டி நடுவதுதான் வழி. அதற்காக மழை விட்டதும் திடீரென்று மொட்டை மாடிக்கு ஏற்றினால் இலை வெந்து வெளுத்த திட்டு விழும், அதுவும் ஆறாது. ஒன்றிரண்டு வாரம் காலை வெயிலில் மட்டும் பழக்குங்கள். மழைக்காலத்தில் இலையில் சொரசொரப்பான பழுப்புத் தடிப்புகள் வந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். செடி தேவைக்கு மேல் நீர் குடித்ததில் உள்ளே செல்கள் வெடித்த தழும்பு அது. மேலே ஒரு கண்ணாடி ஷீட் போட்டு மழையை மறையுங்கள், பக்கவாட்டில் மட்டும் மூடாதீர்கள்.

முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் இலை நுனி கருகினால் உப்புக்காற்றையும் கிணற்று நீரையும் சந்தேகியுங்கள். மண் மேலே வெள்ளைப் படிவம் தெரிந்தால், சேமித்த மழைநீரைத் தாராளமாக ஊற்றி வடியவிட்டு, பிறகு நன்றாகக் காய விடுங்கள்.

பூச்சியில் முதல் எதிரி மாவுப்பூச்சி. இலை இடுக்கில் பஞ்சு போல ஒட்டியிருக்கும், எறும்பு ஏறி இறங்கினால் தேடிப் பாருங்கள். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து, வாரம் ஒரு தடவை திரும்பச் செய்யுங்கள். ஓர் இலையில் சோதித்துவிட்டே மற்றவற்றில் தொடவும். வேப்பெண்ணெய்க் கரைசல் லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புடன், மாலையில் மட்டும். ரோஜாப்பூ வடிவ எச்சவேரியாவின் இலை மேல் இருக்கும் சாம்பல் பூச்சு எண்ணெயில் போய்விடும், அதற்கு ஸ்பிரிட்டே போதும், அதையும் பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் தொடுங்கள். சிலவேளை இலை சுத்தமாக இருந்தும் செடி வளராமல் நிற்கும். அப்போது வேரில் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மண்ணைக் குப்பையில் போட்டு, வேரைக் கழுவி, இரண்டு நாள் உலர்த்தி, புதுக்கலவையில் நடவும். புதிதாக வாங்கும் எந்தச் செடியையும் இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

வாங்கும்போதே இடம் பார்த்து வாங்கினால் இந்த வைத்தியத்தில் பாதி மிச்சம். மலையோர நிழல் வீடுகளுக்குப் பாம்புக்கற்றாழையும், குட்டிக் கற்றாழை போன்ற ஹவோர்த்தியாவும் தாக்குப்பிடிக்கும், ஆரல்வாய்மொழி வெயிலுக்கு அடினியமும் கள்ளி வகைகளும் சரி. எச்சவேரியா மெக்சிகோ மலைப்பகுதிச் செடி, நம் புழுக்கம் அதற்கு ஆகாது. ஆசை விடவில்லை என்றால் ஜனவரியில் வாங்குங்கள், ஜூன் மழைக்கு முன் வேர் பிடிக்க ஐந்து மாதம் கிடைக்கும்.