தேமல் எங்கிருந்தும் வந்து ஒட்டுவதில்லை

வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில், பையன்களின் முதுகிலும் மார்பிலும் தேமல் படரத் தொடங்கும். "யாரோட துண்டை எடுத்துத் துடைச்சே?" என்று வீட்டில் திட்டு விழும். பாவம், துண்டின்மேல் குற்றமில்லை.

தேமலை உண்டாக்கும் மலாசீசியா என்ற ஈஸ்ட், அதாவது ஒருவகைப் பூஞ்சை, ஏற்கெனவே நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் திறன் அதற்குக் கிடையாது; தோல் சுரக்கும் எண்ணெய்தான் சாப்பாடு. ஆய்வகத்தில் வளர்ப்பதற்கே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள் என்றால் பாருங்கள். தேமல் வயசுப் பிள்ளைகளுக்கு அதிகம் வருவதும் இதனால்தான்.

வெக்கையும் வியர்வையும் சேரும்போது அதன் உருண்டைச் செல்கள் இழைகளாக நீண்டு தோலின் மேலடுக்கில் பரவுகின்றன. தேமல்மேல் செல்லோடேப்பை ஒட்டி எடுத்துச் சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இரண்டும் கலந்து தெரியும். மேல்நாட்டுப் பாடநூல்கள் இதை 'ஸ்பகெட்டியும் மீட்பாலும்' என்கின்றன. நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் சேமியா ஜவ்வரிசிப் பாயசம் என்றிருப்பார்கள்!

சரி, தோல் ஏன் வெளுக்கிறது? இந்த ஈஸ்ட் வெளிவிடும் அசெலாயிக் அமிலம், தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது என்பது பரவலான விளக்கம். பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டரை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். சுரண்டினால் தூள் உதிரவில்லையா? பெரும்பாலும் பூஞ்சை அடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் குடியிருப்பவனை அடியோடு விரட்ட முடியாது. அடுத்த கோடையில் தேமல் திரும்ப வரலாம்.

தோல் நுண்ணுயிர் ஆய்வுகள் இப்போது இப்படித் தோலில் குடியிருப்பவர்களின் அக்கம்பக்க உறவைத்தான் துருவுகின்றன. பஞ்சுக்குச்சியால் தோலைத் துடைத்து, அதிலுள்ள டிஎன்ஏவைப் படித்து, யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். எக்சிமா என்ற அரிப்பு நோய் வந்த தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. ஆரோக்கியமான தோலிலுள்ள அதன் பங்காளி பாக்டீரியாக்கள் சில, அதைக் கொல்லும் புரதத்துணுக்குகளைச் சுரக்கின்றன என்று 2017இல் அமெரிக்காவின் சான் டியாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோயாளியின் சொந்த பாக்டீரியாவையே வளர்த்து கிரீமில் கலந்து தடவியபோது ஆரியஸ் குறைந்தது.

வெளுத்த திட்டெல்லாம் தேமலும் அல்ல; தொழுநோயாகவும் இருக்கலாம். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமும் ஆய்வும் நடந்துவருகின்றன. தொழுநோய்க் கிருமி தோலில் வழக்கமாகக் குடியிருப்பதல்ல, நரம்பைத் தாக்குவது. திட்டின்மேல் பஞ்சால் தொட்டும் உணர்ச்சி தெரியவில்லை என்றால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம்; நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும்.