குளிர் ஊரில் விசிறி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

என் பழுதுபார்க்கும் கடைக்கு இந்த மாதத்தில் இப்படிச் சூட்டில் கெட்டு வந்த கணினி இது நான்காவது. தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கணினிப் பெட்டியை, அதாவது கேசிங்கைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஹட்டன் வந்திருந்தார். கல்யாண வீடியோ தொகுப்பவர். அறையில் கைக்குழந்தை தூங்குகிறது, சத்தம் கூடாது என்று, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டை விசிறி இல்லாததாக வாங்கிப் போட்டிருக்கிறார். போதாதென்று கேசிங்கின் பின்புற விசிறியையும் கழற்றிவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். சில வாரங்கள் திரையில் கோடு கோடாக விழுந்தது. பிறகு படமே வரவில்லை.

கார்டைக் கழற்றித் திருப்பினேன். மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதியைச் சுற்றிப் பச்சைப் பலகை கடுஞ்சாயத் தேநீர் நிறத்துக்குக் கருகியிருந்தது. பல கார்டுகளில் சூட்டை இழுக்கும் பெரிய அலுமினியத் தகடுகள் நடுச் சிப்பை மட்டுமே தொடுகின்றன. இந்த இடத்தைத் தொடுவதில்லை. வாங்கும்போது இதை யாரும் பார்ப்பதில்லை.

"நம் ஊர்க் குளிருக்கு விசிறி எதற்கு அண்ணா?" என்றார். இந்தக் கேள்விதான் என்னைச் சலிக்க வைக்கிறது. குளிர் உங்கள் அறையில் இருக்கிறது, பெட்டிக்குள் இல்லை. விசிறி இல்லாத கார்ட் சூட்டைக் குறைப்பதில்லை. அதை வெளியே தள்ளும் வேலையைக் கேசிங்குக்குள் இருக்கும் காற்றின் தலையில் கட்டிவிடுகிறது. அந்தக் காற்று நகராவிட்டால் சூடு எங்கே போகும்? ஜிடி 1030 போன்ற சிறிய கார்டே 30 வாட் எடுக்கும். என் மேசையிலிருக்கும் சோல்டரிங் அயனும் 30 வாட்தான். அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத் தூங்கப் போவீர்களா? விசிறியில்லாமல் வரும் ஜிடிஎக்ஸ் 1650 என்றால் 75 வாட். போதாக்குறைக்கு, நிற்கும் கேசிங்கில் கார்ட் படுத்த வாக்கில், சிப் கீழ்நோக்கித்தான் இருக்கும். மேலே எழ வேண்டிய வெப்பக் காற்றைக் கார்டின் பலகையே மறித்துக்கொள்ளும்.

இன்னொன்று. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்று சுமக்கும் சூடும் குறைவு. குளிர் தருவதில் ஒரு பகுதியை உயரம் பறித்துக்கொள்கிறது.

தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் விறகடுப்புக் கரியும் சேர்ந்திருக்கும். மூடுபனி ஈரத்தில் அது தகடுகளுக்கிடையே களிம்பாகப் படிந்துவிடும். ஊதினால் போகாது, மென்மையான தூரிகை வேண்டும்.

சத்தம் வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. கேசிங்கின் பின்புறம் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைப் போட்டு மெதுவாகச் சுழல விடுங்கள். நிமிடத்துக்கு 600 சுற்றில் அதன் ஓசை காதில் விழாது. கார்டுக்கு அடுத்த இடத்தைக் காலியாக விடுங்கள். அல்லது சூடு ஏறும்போது மட்டும் விசிறி சுழலும் கார்டை வாங்குங்கள். கட்டிலடியிலும் அலுமாரிக்குள்ளும் பெட்டியை வைக்காதீர்கள். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு, வேலை நடக்கும்போது பாருங்கள். 85 பாகையைத் தாண்டி நின்றால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

திரையில் முதல் கோடு விழுந்த அன்றே கொண்டு வாருங்கள், தயவுசெய்து. அந்தத் தம்பியின் கார்டை என்னால் காப்பாற்ற முடியவில்லை. மதர்போர்டில் அதற்குப் பக்கத்திலிருந்த மின்தேக்கிகள் இரண்டு உப்பியிருந்ததால் அதிலும் கை வைக்க வேண்டியதாயிற்று.