சிங்கப்பூரில் சம்பளம் குறைகிறதா? ஐபிஏ கடிதத்தை எடுங்கள்

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகளின் சம்பளப் புகார்களைக் கவனிப்பது என் வேலை. வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது ஐபிஏ கடிதத்தைத்தான், அதாவது வேலை அனுமதிக்காக மனிதவள அமைச்சு தரும் முன் ஒப்புதல் கடிதம். "அது ஏஜென்ட்கிட்ட இருக்குண்ணே" என்பார்கள். உங்கள் சம்பளத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு போட்டோ எடுத்து, வீட்டில் ஒருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

முதலாளி மனிதவள அமைச்சிடம் சொன்ன அடிப்படைச் சம்பளமும் படியும் பிடித்தமும் அதில் இருக்கும். அதைக் குறைக்க வேண்டுமென்றால் நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அமைச்சுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். "இங்கே எல்லாருக்கும் இதுதான் ரேட்" என்று சூப்பர்வைசர் வாயால் சொல்வது செல்லாது.

அடிக்கடி பார்க்கும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். கடிதத்தில் பேஸிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கையில் கொடுப்பதோ நாளுக்கு 24 வெள்ளி. 26 நாளுக்கு 624. இந்த 176 வெள்ளி குறைவது எல்லோருக்கும் தெரிகிறது. ஓ.டி.யில், அதாவது கூடுதல் நேர வேலைக்கான கூலியில் போவதுதான் தெரிவதில்லை. நாள் கூலியை எட்டால் வகுத்து, ஒன்றரை மடங்காக 4.50 கொடுப்பார்கள். சட்டப்படி மாத பேஸிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வகுக்க வேண்டும். 800-க்கு மணிக்கு ஏறக்குறைய 4.20 வரும், ஓ.டி. 6.29. மாதம் 60 மணி நேரம் ஓ.டி. பார்க்கிறவருக்கு அதில் மட்டும் 107 வெள்ளி போகிறது. இரண்டையும் சேர்த்தால் வருடத்துக்கு 3,400 வெள்ளி. ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனில் பாதியை அடைத்திருக்கக்கூடிய பணம் இது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். கொடுக்கவில்லையா, நீங்களே எழுதுங்கள்: தேதி, சைட், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம். ஒரு மாதத்தை மொத்தமாக உட்கார்ந்து நிரப்பிய நோட்டு எடுபடாது. அன்றன்றைக்கு எழுதியதற்குத்தான் மதிப்பு. டைம் கார்டை ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுங்கள். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

காலக்கெடுதான் பலரைக் கவிழ்க்கிறது. வேலையில் இருப்பவர், சம்பளம் குறைந்த ஒரு வருடத்துக்குள் டாடெம் (TADM) என்ற, வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பில் புகார் பதிய வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம்தான். "பெர்மிட் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று மூன்று வருடம் பொறுத்தவருக்கு முதல் இரண்டு வருடப் பணம் போனது போனதுதான்.

முதலில் சமரசப் பேச்சு. ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றம். அங்கே யாருக்கும் வக்கீல் கிடையாது, 20,000 வெள்ளி வரை கேட்கலாம். புகார் கொடுத்தால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. யாராவது வலுக்கட்டாயமாக ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போனால், குடிநுழைவுக் கவுன்டரிலேயே "எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது" என்று அதிகாரியிடம் சொல்லுங்கள்.

சமரசத்தில் ஒரு தொகை சொல்லி "உடனே தருகிறோம், கையெழுத்துப் போடு" என்றால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகு மீதியைக் கேட்க வழியில்லை.