மோவர்: வீச்சா, கத்தரிப்பா?

தோட்டக்காரரிடம் 'மோவர்' என்றால் போதும். கடையில் 'லான் மோவர்' என்று கேட்போம், வீட்டில் 'புல்லு வெட்டுற மிஷின்' என்போம். ஆனால் இந்த ஒரே பெயருக்குள் வெட்டும் முறையில் முற்றிலும் வேறான இரண்டு கருவிகள் இருக்கின்றன. நம்மிடம் இருப்பது எது என்று தெரியாமல் அரத்தைக் கையில் எடுத்தால் கத்தி வீணாகும்.

'மோ' பழைய ஆங்கிலத்தின் 'மாவன்' என்ற வினையிலிருந்து வந்தது. நீண்ட பிடி போட்ட அரிவாளை வீசிப் புல் அறுப்பதுதான் அதன் பொருள். 'லான்' பழைய பிரெஞ்சு 'லாந்த்' வழியாக வந்த சொல். மரங்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளியைத்தான் முதலில் குறித்தது. ஒட்ட வெட்டிய புல் என்ற பொருள் பிறகு ஏறியது. இதற்குத் தமிழில் 'புற்றரை' இருக்கிறது. புல்லும் தரையும் சேர்ந்து, லகரமும் தகரமும் றகரமாகத் திரிந்த சொல். 'புல்வெளி' மாடு மேயும் இடத்தையும் குறிக்கும் என்பதால், வளர்த்துப் பராமரிக்கும் புல்லுக்குப் 'புற்றரை'யே பொருத்தம்.

முதல் இயந்திரம் வீசவில்லை என்பது கவனிக்க வேண்டியது. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேல் துருத்தும் நூலை ஒட்ட வெட்டும் ஆலை இயந்திரத்தின் அமைப்பைப் புல்லுக்குக் கொண்டுவந்து 1830இல் காப்புரிமை பெற்றார். அந்தக் காப்புரிமையிலேயே 'கத்தரித்தல்' என்ற பொருள் தரும் சொல்தான் வருகிறது. உருளையைச் சுற்றிச் சுருளாக வளைந்த கத்திகள், கீழே அசையாத ஒரு கத்தி, இரண்டுக்கும் நடுவே புல். அதாவது கத்தரிக்கோல். கிரிக்கெட் ஆடுகளத்திலும் கோல்ப் பசுந்தரையிலும் இன்றும் இதுதான் ஓடுகிறது.

இன்று வீடுகளில் அதிகம் காணும் பெட்ரோல் இயந்திரம் வேறு வகை. இதில் ஒரே ஒரு பட்டைக் கத்தி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று சுற்றி, வேகத்தாலேயே புல்லை வெட்டி எறிகிறது. எதிர்க்கத்தி கிடையாது. 1952இல் சிட்னியில் மெர்வின் ரிச்சர்ட்சன் உருவாக்கிய 'விக்டா' இந்த வகையை ஆஸ்திரேலிய வீடுகளில் பரப்பியது.

இரண்டுக்கும் பொதுப்பெயர் 'புல்வெட்டி'. வினையை வைத்து 'புல்லரிப்பான்' என்று ஆக்கத் தோன்றும். ஆனால் 'புல்லரிப்பு' மயிர்க்கூச்செறிதலுக்கு ஆகிவிட்டது, குழப்பமே மிஞ்சும். வீச்சரிவாள் எல்லோரும் அறிந்த சொல். அதை ஒட்டிப் பட்டைக் கத்தி வகையை 'வீச்சுப் புல்வெட்டி' என்றும், உருளை வகையைக் 'கத்தரிப் புல்வெட்டி' என்றும் சொல்வதே எங்கள் பரிந்துரை. பெயரைக் கேட்டதுமே கத்தியை எப்படித் தீட்டுவது என்பது விளங்கும்.

வீச்சுப் புல்வெட்டியில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். கத்தியைக் கையால் திருப்பினாலும் இன்ஜின் பற்றிக்கொள்ளலாம். பெட்ரோலை இறக்கிவிட்டு, ஏர் ஃபில்டர் மேல்நோக்கி இருக்கும்படி சாயுங்கள். மாற்றிச் சாய்த்தால் இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, அடுத்த முறை வெண்புகையாக வரும். கத்தியைக் கழற்றி, கம்பெனி கொடுத்த சாய்வு மாறாமல், ஒரே திசையில் அரம் போடுங்கள். சவரக்கத்திக் கூர்மை தேவையில்லை. மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே மடங்கிவிடும். பிறகு நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிக் கத்தியைக் கிடையாக நிறுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவ வேண்டும். எடை சமமாகாத கத்தி இயந்திரத்தையே உதறவைக்கும். பேரிங்கும் ஆயில் சீலும் அதில்தான் போகின்றன. திரும்ப மாட்டும்போது கத்தி நுனியின் வளைந்த இறக்கை மேலே, மூடியைப் பார்த்து இருக்க வேண்டும். அந்த இறக்கை கிளப்பும் காற்றுதான் புல்லை நிமிர்த்துகிறது. தலைகீழாக மாட்டினால் புல் வெட்டுப்படாமல் படுத்துவிடும்.

கத்தி கல்லிலோ வேரிலோ மோதி இன்ஜின் சட்டென நின்று, அதன் பிறகு கயிற்றை இழுத்தால் கையை வெடுக்கென்று திருப்பி இழுக்கிறதா? பிளக்கை மாற்றிப் பயனில்லை. இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியில் உள்ள சிறு உலோக ஆப்பு வெட்டுப்பட்டு, தீப்பொறி விழும் நேரம் பிசகியிருக்கும். மற்ற பாகங்களைக் காக்க முதலில் உடையட்டும் என்றே மென்மையாகச் செய்த ஆப்பு அது. கம்பெனி ஆப்பையே போடுங்கள். கெட்டியான இரும்புத் துண்டைச் செருகினால் அடுத்த அடி கத்தியைச் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் விழும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ஆயில் பிடிக்கும். புது இயந்திரத்தில் முதல் 5 மணி நேரத்திலும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றுவது வழக்கம். பிளக் நுனியில் தீப்பொறி தாவும் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதானால் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மிஞ்சும் பிசின், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை விடும் ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் நின்றுபோகும் இயந்திரத்தில் முதலில் அந்தத் துளையைத்தான் பார்க்க வேண்டும்.

கத்தரிப் புல்வெட்டிக்கு அரமே கூடாது. உருளைக் கத்தியின் ஒரு இடத்தில் அரம் பட்டால் அங்கே பள்ளம் விழுந்து, புற்றரை நெடுக வெட்டாத கோடு தெரியும். தீட்டும் பசையை விளிம்பில் தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு கத்தியும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும். விளிம்பு முழுக்க ஒரே சீரான மங்கல் கோடு தெரிந்ததும் பசையைத் துளி மிச்சமில்லாமல் கழுவிவிடுங்கள். பிறகு இரு முனைத் திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, சம அளவில் திருகி இரண்டு கத்தியையும் நெருக்குங்கள். இறுகிவிட்டால் தள்ள முடியாது, கத்தி சூடேறித் தேயும். தளர்ந்திருந்தால் புல் நடுவே மடங்கிக் கிழியும். மறுநாள் நுனியெல்லாம் வெளுத்து நிற்கும். ஒரு நாளிதழ்த் துண்டை நடுவே விட்டு உருளையைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள், விரல் மட்டும் தள்ளியே இருக்கட்டும். இடக்கோடி முதல் வலக்கோடி வரை தாள் மடங்காமல் அறுபட்டால் திருகு சரியான இடத்தில் நிற்கிறது.