எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன், எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கேளுங்கள்

போன வருடம் தை மாதக் கடைசியில் நான்கு இளைஞர்கள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் மலை ஏறுகிற குழு. பையிலிருந்து ஆறு வாக்கி டாக்கிகளை எடுத்து மேசையில் வைத்தார்கள். எல்லாம் ஆன்லைனில் வாங்கியவை.

"அண்ணே, பெட்டியில பத்து கிலோமீட்டர்னு போட்டிருக்கு. கொல்லிமலையில ரெண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டினா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. பெரிய ஆன்டெனாவா மாட்டிக் குடுங்க."

வயர்லெஸ் செட் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் இருபது வருடத்துக்கும் மேலாக என் தொழில். இந்தக் கோரிக்கையோடு வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். ஒரு செட்டை எடுத்து, எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று காட்டும் ஃப்ரீக்வென்சி கவுன்டர் பக்கத்தில் வைத்துப் பட்டனை அழுத்தினேன். 462 மெகாஹெர்ட்ஸ் சொச்சம் காட்டியது. அடுத்த சானல், அதற்கடுத்த சானல் என்று பதினாறையும் பார்த்தேன். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பேசக்கூடிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஆன்டெனா பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

காலியாக இருக்கிற சானலில் பேசினால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உங்கள் காதுக்குக் காலியாகத் தெரிகிற சானலில் அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று பதிலுக்குக் காத்திருக்கலாம், மலைக்கு அந்தப் பக்கம் வனத்துறைக் காவலர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கலாம். மலிவான இரட்டை பேண்ட் செட்களில் பல, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வைத்தாலும் ஒலிபரப்பும். கடலில் படகுகள் ஆபத்துக் குரல் கொடுக்கும் சானல் 16 இந்த வரம்புக்குள்தான் வருகிறது, 156.8 மெகாஹெர்ட்ஸ். கடற்கரை ஊரில் ஒரு பையன் விளையாட்டாக அங்கே பட்டனை அழுத்திப் பிடித்தால், சுற்று வட்டாரத்தில் உதவி கேட்கிற படகின் குரல் அதில் அமுங்கிப் போகும். அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். சட்டம் பிடிக்குமா பிடிக்காதா என்பது அதற்குப் பிறகு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே வயர்லெஸ் கருவியைப் பயன்படுத்த மட்டுமல்ல, கையில் வைத்திருக்கவே அனுமதி தேவை. "வாங்கித்தான் வச்சிருக்கேன், பேசல" என்பது இங்கே செல்லாது. பொழுதுபோக்காளருக்குத் திறந்திருக்கிற வழிகள் சில உண்டு. 2018-இல் வந்த விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த ஆற்றல் வாக்கி டாக்கிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அதற்குள் 16 சானல் அடங்கும். 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சிட்டிசன் பேண்டும் உண்டு. அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் நாற்பது சானல்களில் பேசிப் பிரபலமானது அதுதான். நம் ஊரில் அதில் பேச ஆள் கிடைப்பது அரிது என்பதால் நான் யாருக்கும் சொல்வதில்லை. மூன்றாவது வழி ஹாம் லைசென்ஸ், அதாவது தேர்வு எழுதிப் பொழுதுபோக்கு வானொலிக்காரர் ஆவது.

லைசென்ஸ் வேண்டாத 446 செட்டுக்கும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் ஈ.டி.ஏ. சான்று, அதாவது கருவி வகை ஒப்புதல், இருக்க வேண்டும். வாங்குகிற பக்கத்தில் ஃப்ரீக்வென்சி எழுதியிருக்கிறதா, ஈ.டி.ஏ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் "லாங் ரேஞ்ச்", "5 வாட்" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த விவரங்கள் இல்லாமல் வாக்கி டாக்கி விற்ற ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக அது சட்டப்படி சரியான பொருள் ஆகிவிடாது.

இனி அந்தத் தம்பிகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பத்து கிலோமீட்டர் எங்கே போயிற்று?

இந்த ஃப்ரீக்வென்சிகளில் அலை கிட்டத்தட்ட கண் பார்வை போலத்தான் போகும். மறைப்பு இல்லாத சமவெளியில் எட்டும் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: ஆன்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் வரும். நின்றுகொண்டு கையில் பிடித்தால் ஒன்றரை மீட்டர் உயரம். அதற்கு 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் ஒரு 5. பெட்டியில் அச்சடித்த பத்து வருவது இப்படித்தான். நடுவில் ஒரு வீடு, ஒரு தென்னந்தோப்பு, ஒரு மேடுகூட இல்லாத வெட்டவெளிக்கான எண் அது. ஊருக்குள் அதே செட் ஒரு கிலோமீட்டர் எடுத்தாலே நல்ல செட். கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இருவருக்கும் நடுவே ஒரு பாறைச் சுவர் வந்து நிற்கிறது. செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதே கணக்கில் 12 மீட்டர் உயர மொட்டை மாடியில் நின்று பாருங்கள். அடிவானம் 14 கிலோமீட்டருக்குப் போய்விடும். வாட்டைக் கூட்டினால் இப்படிக் கிடைக்காது. ஆற்றலை நான்கு மடங்கு ஆக்கினால்தான் எதிர் செட்டின் சிக்னல் மீட்டரில் ஒரே ஒரு புள்ளி ஏறும். 2 வாட்டை விட்டு 8 வாட் வாங்கியவருக்கு மிஞ்சுவது சூடான செட்டும் சீக்கிரம் தீர்கிற பேட்டரியும்தான். காசு இருந்தால் அதை உயரத்தில் போடுங்கள்.

ஆனால் 446 செட்டில் அதுவும் முடியாது. அதன் ஆன்டெனா செட்டோடு சேர்ந்தது, கழற்றி மாற்றுவதற்கானது அல்ல. அந்தத் தம்பிகள் கேட்ட "பெரிய ஆன்டெனா" சட்டப்படி வேண்டுமென்றால் ஹாம் ஆக வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் அதற்கான தேர்வை எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு தந்திக் குறி) தேர்வு கிடையாது, அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிகளும் படித்தால் போதும். அந்த கிரேடில் தேறியவர்களுக்கு வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும், ஜெனரல் கிரேடுக்கு வி.யு.2. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும் பேசலாம், மாடியில் ஆன்டெனாவும் நிறுத்தலாம்.

அப்படி நிறுத்துகிறவர்கள் செய்கிற பெரிய தவறு கேபிளில். ஆயிரக்கணக்கில் கொடுத்து ரேடியோ வாங்கிவிட்டு, மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளை இருபது மீட்டர் இழுப்பார்கள். 435 மெகாஹெர்ட்ஸில் அந்த நீளம் சுமார் 7 டெசிபல் தின்றுவிடும். 5 வாட் அனுப்பினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 1 வாட். தடித்த ஆர்.ஜி. 213 போட்டால் பாதியாவது மேலே போகும். வீட்டில் மிச்சமிருக்கும் டிஷ் கேபிளைப் போடலாமா என்று கேட்பார்கள். அது 75 ஓம், நம் ரேடியோ 50 ஓம். அந்த வித்தியாசத்தில் ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும் ஆற்றல் நூற்றில் நான்கு பங்குதான், அதனால் கேட்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் பரவாயில்லை. அதைவிட இணைப்பில் தண்ணீர் இறங்குவதுதான் ஆபத்து. ஐப்பசி மழைக்கு முன் சரியாக டேப் சுற்றாத கனெக்டரை மார்கழியில் திறந்தால் செம்பு பச்சை பூத்திருக்கும்.

கம்பம் நிறுத்துமுன் ஒரே ஒரு அளவு எடுங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் ஈ.பி. லைனைத் தொடக் கூடாது. தொடுமென்றால் அந்த இடம் வேண்டாம். எர்த் கம்பியைத் தடிப்பாக, நேராக மண்ணில் இறக்குங்கள். சித்திரை இடி தொடங்குமுன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். காரில் 50 வாட் ரேடியோ பொருத்துகிறவர்கள் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து கரன்ட் எடுக்காதீர்கள். பேசும்போது பத்து ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும், ஒயர் உருகும். பேட்டரியிலிருந்து நேரடி ஒயர், பேட்டரி முனையருகிலேயே ஃப்யூஸ். ஆன்டெனா இல்லாமல் எந்த ரேடியோவிலும் பட்டனை அழுத்தக் கூடாது. என்னிடம் பழுதுக்கு வந்த எத்தனையோ செட்களில் அவுட்புட் டிரான்சிஸ்டர் அப்படித்தான் போயிருந்தது.

பேசுகிற முறைக்கு நீண்ட பாடம் தேவையில்லை. முதலில் கேளுங்கள். பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் முதல் சொல் விழுங்கப்படும். "நில்லு, போகாதே" என்பதில் "நில்லு" போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மைக்கை நாலு விரற்கடை தள்ளி, வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

"பிரைவசி கோட்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வீட்டு விஷயம் பேசாதீர்கள். அது உங்கள் குரலோடு சேர்ந்து போகும் ஒரு தாழ்ந்த ஒலி. அந்த ஒலி இல்லாத குரல்களை உங்கள் ஸ்பீக்கரில் வராமல் தடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் பேசுவது அதே சானலில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். ஒரு குழுவில் பெண்கள் எந்த வளைவில் தனியாக நிற்கிறார்கள் என்று அதை நம்பிப் பேசிக்கொண்டிருந்ததை நானே என் செட்டில் கேட்டிருக்கிறேன். உடனே குறுக்கிட்டு எச்சரித்தேன்.

2004 டிசம்பரில் ஹாம் பரிசோதனை ஒலிபரப்புக்காக அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேயரில் இருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி செத்துப்போனபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே ரேடியோக்கள் தீவுகளிலிருந்து செய்தி கொண்டுவந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் குறுக்கே பேசாமல் இருந்தால்தான் அந்தக் குரல்கள் இந்தக் கரையில் கேட்கும்.

அந்த நான்கு பேரும் ஆறு செட்டையும் திருப்பி அனுப்பிவிட்டு, ஒப்புதல் பெற்ற 446 செட்கள் நான்கு வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் இப்போது ஹாம் தேர்வுக்குப் படிக்கிறார். கொல்லிமலைக்கு நான் சொன்ன வழி எளிமையானது. பள்ளத்தாக்கு திறந்து தெரிகிற வெளிப்பக்க வளைவு ஒன்றில் ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்தி நிற்க வேண்டும். கீழே இருப்பவர் சொல்வதைக் கேட்டு மேலே இருப்பவருக்கு அவரே திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசி வண்டி தாண்டியதும் அவர் கிளம்ப, முன்னால் போனவர் அடுத்த திறந்த வளைவில் நிற்பார். போன மாதம் அப்படியே ஏறி முடித்துவிட்டு, மேலே போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்தார்கள்.