வேன் வாடகை மட்டும் பட்ஜெட் ஆகாது

லீவு நெருங்கினால் எங்கள் டிராவல்ஸுக்கு வரும் போன்களில் முதல் கேள்வி ஒன்றுதான்: "டெம்போ டிராவலர் கிலோமீட்டருக்கு எவ்வளவு?" ரேட்டைச் சொன்னதும் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் நடக்கும். ஒரு நாளைக்கு மினிமம் எத்தனை கிலோமீட்டர், நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பணம் போவது அங்கேதான்.

மதுரையிலிருந்து 16 பேர் மைசூர், ஊட்டி போய் வருவதாக வைத்துக்கொள்வோம். சத்தியமங்கலம், திம்பம் ஏறி மைசூர். பந்திப்பூர், கூடலூர் வழியாக ஊட்டி. கோவை இறங்கி மதுரை. ஊர் சுற்றுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 950 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு மினிமம் 300 என்று பேசியிருந்தால், நான்கு நாளைக்கு 1,200 கிலோமீட்டருக்குக் காசு எண்ணி வைக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்றால் 30,000. அரை மணி நேரம் பேரம் பேசி 24 ஆக்கினால் மிச்சம் 1,200 ரூபாய்.

அதே ஆட்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் என்ன ஆகும்? பெரும்பாலும் நாள் கணக்கு நள்ளிரவு 12 முதல் மறு நள்ளிரவு 12 வரை. அந்த இரண்டு மணி நேரம் ஒரு முழு நாளாகிவிடும். 300 கிலோமீட்டருக்கு 7,500 ரூபாய், கூடவே டிரைவர் பேட்டா. சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் இது அப்படியே மிச்சம், டிரைவரும் தூங்கி எழுந்து வருவார். (சாமி கும்பிட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டி நகர ஐந்தரை ஆகும். அது வேறு விஷயம்.)

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். முதல் நாள் 380 ஓடி, மற்ற நாட்களில் குறைவாக ஓடினால் மொத்தமாகக் கணக்குப் பார்ப்பார்களா, நாளுக்கு நாள் தனியாகவா? பதிலைப் பொறுத்துத் தொகை மாறும். மீட்டர் உங்கள் வீட்டு வாசலிலிருந்து அல்ல, வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து ஓட ஆரம்பிக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது.

டோல் கணக்கில் சொந்தக் கார் அனுபவம் உதவாது. இந்த வேனுக்கு மினி பஸ் கட்டணம். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் சொந்த உபயோக வண்டிகளுக்குத்தான், வாடகை வண்டிக்குக் கிடையாது. ஆல் இந்தியா பர்மிட் உள்ள வண்டியா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் கர்நாடகாவுக்குத் தனியாகப் பர்மிட் போட வேண்டும், அந்தப் பணம் உங்கள் தலையில்தான் விழும்.

வழியில் காடு இருந்தால் கடிகாரமும் பட்ஜெட்டில் சேரும். பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மைசூர் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு விளக்குப் போடுவார்கள். "அதைப் பார்த்துட்டே போயிடலாம், பிள்ளைங்க ஆசைப்படுதுங்க" என்று ஒரு பெரியப்பா சொன்னால் போதும். அரண்மனையிலிருந்து பந்திப்பூர் 80 கிலோமீட்டர். கூட்டத்தில் 16 பேரைத் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றவே எட்டாகிவிடும். அப்புறம் செக்போஸ்டில் திரும்பி, குண்டல்பேட்டையில் கேட்ட விலைக்கு நான்கைந்து ரூம் எடுக்க வேண்டும். ஊட்டியில் முன்பணம் கட்டிய ரூம் சும்மா கிடக்கும். விளக்கைப் பார்க்க ஆசையென்றால் அன்று இரவு மைசூரிலேயே தங்குங்கள், அதுதான் மலிவு.

நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அது இலவசம், எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். சீசனில் போவதானால் ரூமுக்கு அட்வான்ஸ் கட்டும் முன் பாஸை எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, முதல் நாளுக்குப் புளியோதரை எப்படியும் வந்துவிடும். யாரும் எழுதாதது டீக் கணக்கு. 15 ரூபாய் டீ என்றாலும் 16 பேருக்கு ஒரு நிறுத்தத்துக்கு 240. பிள்ளைகள் பிஸ்கட், சிப்ஸ் என்று கைவைத்தால் 500. ஒரு நாளைக்கு மூன்று நிறுத்தமாவது இருக்கும்.

செலவைப் பிரிக்கும் விதத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால் இரண்டு பேர் வரும் வீடு முணுமுணுக்கும். தலைக்கு இவ்வளவு என்றால் மூன்று பிள்ளைகள் உள்ள வீடு திணறும். வேனுக்கு சீட் கணக்கு, ரூமுக்கு வீட்டுக் கணக்கு, சாப்பாட்டுக்குச் சிறுவர்களுக்குப் பாதி என்று வைத்தால் சண்டை குறைகிறது. தொகையை நேராக வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். கையில் பணம் இல்லாத சித்தப்பா அங்கே "ஓகே" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு, கிளம்பும் முந்தின நாள் உடம்பு சரியில்லை என்பார். அவருடைய பங்கும் மற்றவர்கள் மேல் ஏறும், அவரும் வர முடியாமல் போகும். முதலில் தனித்தனியாகப் போனில் பேசுங்கள். பிறகு மொத்தப் பணத்தையும் ஒருவரிடம் கொடுங்கள். யாராவது ஒரு அத்தை இதற்குச் சரியான ஆளாக இருப்பார்.

கடைசியாக, தெரிந்தவர் ஒருவர் தன் சொந்த வண்டியை, வெள்ளை போர்டு வண்டியை, பாதி வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாடகைக்கு ஓட்ட அதற்குப் பர்மிட் கிடையாது. வழியில் பிடித்தால் அபராதம், வண்டியையே நிறுத்தி வைக்கவும் செய்யலாம். விபத்து என்றால், வாடகைக்கு ஓட்டியது பாலிசி நிபந்தனைக்கு எதிரானது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடம் இருக்கிறது. வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டியிலும் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகளைப் பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள். காட்டச் சொன்னால் ஒழுங்கான வேன்காரர் யாரும் கோபப்பட மாட்டார்.