எறும்புக்குக் 'குடியேற்றம்' வேண்டாம், 'குடி' போதும்

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறு பக்கம் ஒரு பூங்காவில் பிள்ளைகளுக்காகப் பூச்சிகளைப் பற்றிய பேச்சு. பேசியவர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் மாமரத்தில் முசுறுகள் இலைகளை வளைத்துப் பின்னிய கூட்டைக் காட்டி "இது ஓர் எறும்புக் குடியேற்றம்" என்று ஆரம்பித்தார், அரை மணி நேரத்தில் பத்துத் தடவையாவது அந்தச் சொல் வந்திருக்கும். ஒரு பையன் எழுந்து, "இதெல்லாம் எந்த ஊர்லேருந்து வந்துச்சு?" என்று கேட்டான். குடியேற்றம் என்று காதில் விழுந்தால் வேறு என்ன கேட்பான்?

மூலச் சொல் காலனி. லத்தீனில் உழுவதைக் குறிக்கும் வேரிலிருந்து உழவன், அப்புறம் உழவர்கள் போய்த் தங்கிய நிலம், கடைசியில் ஒரு நாடு பிடித்து வைத்திருக்கும் இன்னொரு நாடு. பூச்சியியலில் அதற்குப் பொருளே வேறு: ஒரு தாயின் பிள்ளைகள் பிரியாமல் சேர்ந்திருந்து, அடுத்த தலைமுறையையும் சேர்ந்தே வளர்ப்பது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து எறும்பின் முதுகில் ஏற்றிவிட்டார்கள்.

காலனி என்றே விடலாமா? அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த மக்களின் தெருவுக்கு அந்தப் பெயரை வைத்து, பிறகு அதையே வசையாகவும் ஆக்கிய நாடு இது. அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். 'கூட்டம்' போதாது, அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் ஈயும் கூட்டம்தான். 'கூடு' இன்னும் குழப்பம், ஏனென்றால் அது வீடு, வசிப்பவர்கள் இல்லை. முசுறுகள் ஒரே தாயின் பிள்ளைகளாகப் பல மரங்களில் பல கூடுகள் கட்டி வாழும், ராணி இருப்பது அதில் ஒன்றில்தான்.

குடி என்ற சொல் நம் கையிலேயே இருக்கிறது. திருவல்லிக்கேணியில் ஒரே வீட்டில் நாலு குடும்பம் இருந்ததை ஒண்டுக்குடித்தனம் என்றோம்; வீடு ஒன்று, குடி நாலு. தேனீக்கள் பெருகியதும் பழைய ராணி பாதித் தேனீக்களோடு கிளம்பிப் போவது அப்பட்டமான தனிக்குடித்தனம். குடியேற்றம் என்பது போய்ச் சேரும் செயல். குடி என்பது ஆட்கள். இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா?

சண்டை சச்சரவைச் சொல்லவும் குடிதான் பொருந்தும். தேனீக்குடியில் எல்லாரும் ஒற்றுமையாக உழைக்கிறார்கள் என்று பள்ளியில் சொல்வது பாதிக் கதை. ராணிக்குப் பிறந்த பெண் தேனீக்களும் முட்டையிட முடியும். கருவுறாத அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் பிறக்கும். ஆனால் கூடப்பிறந்தவர்களே அவற்றைத் தேடித் தின்றுவிடுகிறார்கள். ராட்னிக்ஸ், விஷர் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1989-இல் இதைக் காட்டினார்கள். ராணி பல ஆண்களோடு சேர்வதால் குடிக்குள் பெரும்பாலோர் ஒரே தாய்க்கும் வேறுவேறு தகப்பனுக்கும் பிறந்தவர்கள். அப்படிப்பட்ட சகோதரியின் மகனைவிடத் தாயின் மகனே ஒரு தேனீக்கு நெருங்கிய ரத்தம். பெங்களூரில் பூச்சி ஆய்வாளர் ராகவேந்திர கதக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒரு வகைக் குளவியில் ராணி சாது. அவளை எடுத்துவிட்டால் ஒருத்தி மட்டும் திடீரென்று மூர்க்கமாகி, பிறகு அவளே ராணியாகிறாள். வந்து குடியேறியவர்களின் தகராறா இது? சொத்துக்கும் வாரிசுக்கும் நடக்கும் குடும்பச் சண்டை.

குடி என்றால் சாராயம் நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் சொன்னார். காரைக்குடி, மன்னார்குடி என்னும்போது யாருக்கு அந்த நினைப்பு வருகிறது? எறும்புக்குடி, தேனீக்குடி என்று சேர்த்து எழுதினால் தீர்ந்தது.

இதே அவசரத்தில் பிறந்ததுதான் 'வேலைக்காரத் தேனீ'. அவள் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, பிறந்த குடியில் இருக்கிற மகள். பணித்தேனீ என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருந்தும் புத்தகத்துக்குப் புத்தகம் அந்த வேலைக்காரியைத்தான் பார்க்கிறேன்.